பத்து பெசோவின் ஆயுள் மூன்று நாள்

செல்போனில் காசு போட்டுவிட்டுப் பேசாமலே வைத்திருந்தால் அந்தக் காசு என்ன ஆகும்? சட்டைப் பையில் வைத்த காசு அப்படியே இருக்கும். உண்டியலில் போட்ட காசும் அப்படியே இருக்கும். வங்கியில் போட்டால் கொஞ்சம் வட்டி கூடச் சேரும். செல்போனில் போட்ட காசு மட்டும் நாள் பார்த்துச் செத்துப்போகும்!

தமிழ்நாட்டில் இதை ‘வேலிடிட்டி முடிந்துவிட்டது’ என்று சொல்வார்கள். இலங்கையில் ‘ரீலோட்’ போடுவார்கள். பிலிப்பைன்ஸ் நாட்டில் ப்ரீபெய்ட் பணத்துக்கு ‘லோடு’ என்று பெயர். லாரியில் ஏற்றும் அதே லோடுதான். அங்கே செல்போனில் ஏற்றுகிறார்கள். அந்த லோடு எத்தனை நாள் உயிரோடு இருக்க வேண்டும் என்ற சண்டை அங்கே 2000ஆம் ஆண்டில் தொடங்கியது. அது நீதிமன்றம் ஏறி, செனட் சபைக்குப் போய், 2018இல்தான் ஓரளவு ஓய்ந்தது. முன்கூட்டியே கொடுத்த பணம் யாருடையது? கொடுத்தவருடையதா, வாங்கிக்கொண்டவருடையதா? பதினேழு ஆண்டுகளுக்கு மேல் ஒரு நாடு இதைத்தான் கேட்டுக்கொண்டிருந்தது.

காத்திருந்த தேசம்

1990களின் தொடக்கம் வரை பிலிப்பைன்ஸில் தொலைபேசி என்றால் பெரும்பாலும் பி.எல்.டி.டி. என்ற ஒரே நிறுவனம்தான். விண்ணப்பம் போட்டவர்கள் ஆண்டுக்கணக்கில் காத்திருந்தார்கள். 1992இல் மணிலாவுக்கு வந்த சிங்கப்பூரின் லீ குவான் யூ, இந்த நாட்டில் 98 சதவீதம் பேர் தொலைபேசிக்காகக் காத்திருக்கிறார்கள், மீதி 2 சதவீதம் பேர் டயல் டோனுக்காகக் காத்திருக்கிறார்கள் என்று கேலி செய்தார். கேட்டவர்கள் சிரித்தார்கள். ஆனால் சுருக்கென்று குத்தியது.

அப்போது அதிபராக இருந்தவர் ஃபிடல் ராமோஸ். 1993இல் அவர் இரண்டு ஆணைகளைப் பிறப்பித்தார். ஒன்று, எல்லா நிறுவனங்களும் தங்கள் இணைப்புகளை ஒன்றோடொன்று பிணைக்க வேண்டும் என்றது. மற்றொன்று ஒரு கொடுக்கல் வாங்கல்: செல்போன் உரிமம் வேண்டுமென்றால் 4 லட்சம் தரைவழி இணைப்புகள் போட வேண்டும், வெளிநாட்டு அழைப்புகளைக் கையாளும் உரிமம் வேண்டுமென்றால் 3 லட்சம் இணைப்புகள் போட வேண்டும். நிறுவனங்கள் ஓடி வந்தன. காரணம் எளிது. லட்சக்கணக்கான மக்கள் வெளிநாட்டில் வேலை செய்யும் நாட்டில் வெளிநாட்டு அழைப்பு என்பது பொன் முட்டையிடும் வாத்து. 1974இல் வந்த தொழிலாளர் சட்டத்துக்குப் பிறகு வெளிநாட்டு வேலைக்கு ஆள் அனுப்புவதை அரசே ஒழுங்குபடுத்தி ஊக்குவித்து வந்தது. சவூதியில் கட்டடத் தொழிலாளி, ஹாங்காங்கில் வீட்டு வேலை செய்யும் பெண், உலகம் சுற்றும் கப்பலில் மாலுமி என்று ஒவ்வொரு ஊரிலும் கடல் தாண்டிய ஒருவராவது உண்டு.

1990களின் பிற்பகுதியில் ப்ரீபெய்ட் செல்போன் வந்தது. மாத பில் கிடையாது, டெபாசிட் கிடையாது, சம்பளச் சான்றிதழ் கேட்பாரும் இல்லை. தரைவழி போனுக்குக் காத்திருந்த தேசம் அதை விட்டுவிட்டு ஒரே தாவலாகச் செல்போனுக்குப் போய்விட்டது. பிறகு அங்கே பத்துப் பேரில் ஒன்பது பேருக்கு மேல் ப்ரீபெய்ட் வாடிக்கையாளர்களே.

இரண்டு ஆண்டு வேண்டும் என்ற சுற்றறிக்கை

ப்ரீபெய்ட் வந்த கையோடு புகார்களும் வந்தன. கார்டு வாங்கிப் போட்ட பணம், பேசி முடிக்கும் முன்பே காலாவதியானது. எவ்வளவு மிச்சம் இருக்கிறது என்பதே பலருக்குத் தெரியவில்லை.

தேசியத் தொலைத்தொடர்பு ஆணையம் (என்.டி.சி.) 2000ஆம் ஆண்டு ஜூன் மாதம் ஒரு சுற்றறிக்கை வெளியிட்டது. அதன் முக்கிய விதிகள் இவை:

1. ப்ரீபெய்ட் கார்டும் சிம்மும் முதல் முறை பயன்படுத்திய நாளிலிருந்து குறைந்தது 2 ஆண்டுகள் செல்லுபடியாக வேண்டும்.

2. பணம் முழுவதும் தீர்ந்த பிறகு மறுபடி நிரப்ப 45 நாள் அவகாசம் தர வேண்டும்.

3. ஒவ்வொரு அழைப்பின்போதும் மிச்சத் தொகையை வாடிக்கையாளருக்குச் சொல்ல வேண்டும்.

4. நிமிடக் கணக்கை விட்டுவிட்டு 6 விநாடிக்கு ஒரு துடிப்பு என்று கணக்கிட வேண்டும்.

5. ப்ரீபெய்ட் வாங்குபவரின் அடையாளத்தைப் பதிவு செய்ய வேண்டும்.

இன்று படித்தால் இதில் பெரிய புரட்சி எதுவும் இல்லை. ஆனால் நிறுவனங்களுக்கு வேர்த்துவிட்டது. ஐலாகாம், பில்டெல் என்ற இரண்டு நிறுவனங்கள் அந்த ஆண்டு அக்டோபரில் கெசோன் சிட்டி நீதிமன்றத்தில் வழக்குப் போட்டன. குளோப், ஸ்மார்ட் ஆகிய பெரிய நிறுவனங்களும் வழக்கில் சேர்ந்துகொண்டன.

அவர்கள் வைத்த வாதம் சுவாரஸ்யமானது. ப்ரீபெய்ட் கார்டு என்பது நுகர்பொருள். நுகர்பொருள் விற்பனையைக் கவனிக்க வேண்டியது வர்த்தக, தொழில் துறைதான், தொலைத்தொடர்பு ஆணையம் இதில் தலையிட முடியாது என்றார்கள். ஆயுளை இப்படி நீட்டினால் ப்ரீபெய்ட் தொழிலே நிலைக்காது, இது எங்கள் சொத்தைப் பறிப்பதற்குச் சமம் என்றும் சொன்னார்கள்.

வாடிக்கையாளர் தன் பணத்தைப் பறிக்கிறார்கள் என்கிறார். நிறுவனமோ அதைப் பறிக்காமல் இருக்கச் சொல்வது எங்கள் சொத்தைப் பறிப்பது என்கிறது!

நிறுவனங்களின் பக்கத்திலும் கொஞ்சம் நியாயம் உண்டு. ஒவ்வொரு சிம்முக்கும் ஓர் எண் ஒதுக்க வேண்டும், அதன் விவரத்தைக் கணினியில் வைத்திருக்க வேண்டும். யாரும் பயன்படுத்தாத எண்களைக் காலமெல்லாம் சுமக்க முடியாது. ஆனால் இன்னொரு கணக்கும் இருக்கிறது. வாடிக்கையாளர் போட்ட பணம் அன்றே வருமானம் ஆவதில்லை. அவர் பேசும்போதுதான் அது வருமானமாகும். பேசாவிட்டால் காலாவதியாகும் நாளில் வருமானமாகும். காலாவதி நாள் நெருங்க நெருங்க, எந்தச் சேவையும் செய்யாமலே பணம் வந்து சேர்கிறது.

கெசோன் சிட்டி நீதிமன்றம் சுற்றறிக்கைக்குத் தடை விதித்தது. 2001 அக்டோபரில் மேல்முறையீட்டு நீதிமன்றம் ஆணையத்தின் பக்கம் சாய்ந்தது. 2003 ஆகஸ்ட் 12 அன்று உச்ச நீதிமன்றம் அதை மாற்றி, சுற்றறிக்கை செல்லுமா செல்லாதா என்று விசாரிக்கும் அதிகாரம் கீழ் நீதிமன்றத்துக்கு உண்டு என்று சொல்லி வழக்கைத் திருப்பி அனுப்பியது. 2 ஆண்டு ஆயுள் நியாயமா இல்லையா என்று உச்ச நீதிமன்றம் சொல்லவே இல்லை. யார் விசாரிப்பது என்பதிலேயே மூன்று ஆண்டுகள் ஓடிவிட்டன. அந்த 2 ஆண்டு விதி கடைசி வரை நடைமுறைக்கு வரவில்லை.

பெட்டிக்கடைக்கு வந்த லோடு

வழக்கு நடந்துகொண்டிருந்தபோதே ஊர் மாறிக்கொண்டிருந்தது. 2001 ஜனவரியில் அதிபர் ஜோசப் எஸ்ட்ராடாவுக்கு எதிராக மணிலாவின் எட்சா சாலையில் மக்கள் திரண்டார்கள். அவர்களைத் திரட்டியதில் எஸ்.எம்.எஸ். பெரும் பங்கு வகித்தது. பேசுவதற்குக் காசு அதிகம், எழுதி அனுப்பினால் ஒரு பெசோதான். ஆகவே அந்த நாடே கட்டை விரலால் பேசக் கற்றுக்கொண்டது.

2003இல் ஸ்மார்ட் நிறுவனம் கார்டு இல்லாமலே லோடு விற்கும் முறையைக் கொண்டுவந்தது. கடைக்காரரிடம் ஒரு சிறப்பு சிம் இருக்கும். வாடிக்கையாளர் எண்ணையும் தொகையையும் சொன்னால் கடைக்காரர் ஒரு குறுஞ்செய்தி தட்டுவார். பணம் அந்த எண்ணுக்குப் போய்விடும். 300 பெசோ கார்டு வாங்க முடியாதவர் 30 பெசோவுக்கு லோடு போடலாம் என்றானது. ஒருவர் லோடை இன்னொருவருக்கு மாற்றித் தரும் ‘பாசலோடு’ வந்தபோது அந்தத் தொகை 2 பெசோ வரை இறங்கியது. வீட்டு முகப்பில் சோப்பும் வெங்காயமும் விற்கும் ‘சாரி-சாரி’ என்ற பெட்டிக்கடைகள் எல்லாம் லோடுக் கடைகள் ஆயின.

ஒரு ரூபாய் ஷாம்பு பாக்கெட்டைப் பார்த்து வளர்ந்தவர்களுக்கு இந்த வியாபாரம் உடனே புரியும். பாட்டில் வாங்க முடியாதவருக்குப் பாக்கெட். ஆனால் ஷாம்பு பாக்கெட் அலமாரியில் ஒரு மாதம் கிடந்தாலும் நுரைக்கும். லோடு பாக்கெட் அப்படி இல்லை. தொகை சிறியதானால் ஆயுளும் சிறியது!

கடல் தாண்டிய பேச்சு

இந்தக் காலாவதி வெளிநாட்டில் ஆள் இருக்கும் குடும்பங்களை எப்படித் தொட்டது? பிலிப்பைன்ஸில் வரும் அழைப்புக்குக் காசு கிடையாது. ஆகவே மகள் ஹாங்காங்கிலிருந்து கூப்பிட்டால் தாய் கேட்கலாம். ஆனால் தாய் தானாகக் கூப்பிட வேண்டுமென்றால் லோடு வேண்டும். 2000களில் அங்கே செல்போனிலிருந்து வெளிநாட்டுக்குப் பேச நிமிடத்துக்கு 40 அமெரிக்க சென்ட், அதாவது சுமார் 20 பெசோ என்பது வழக்கமான கட்டணமாக இருந்தது. வெளிநாட்டுக்கு ஒரு குறுஞ்செய்தி அனுப்பவே 15 பெசோ. 10 பெசோ லோடு வைத்திருப்பவர் ஒரு நிமிடமும் பேச முடியாது, ஒரு செய்தியும் அனுப்ப முடியாது. அதோடு இன்னொரு பத்தைச் சேர்க்கலாம் என்றால், சேர்ப்பதற்குள் முதல் பத்து செத்துவிடும். தினமும் பேசுபவரை வேலிடிட்டி தொடுவதில்லை. சிறுகச் சிறுகச் சேர்த்து மாதம் ஒரு முறை பேச நினைப்பவரைத்தான் அது குறி வைத்து அடித்தது.

அந்தப் பக்கம் இருப்பவருக்கும் நிம்மதி இல்லை. 2003 பிப்ரவரியில் பிலிப்பைன்ஸ் நிறுவனங்கள், வெளிநாட்டிலிருந்து வரும் அழைப்புகளை வாங்கிச் சேர்ப்பதற்கான கட்டணத்தை உயர்த்தின. செல்போனுக்கு நிமிடத்துக்கு 12 சென்ட்டாக இருந்தது 16 சென்ட் ஆனது. தரைவழிக்கு 8 சென்ட் 12 சென்ட் ஆனது. அமெரிக்காவின் ஏ.டி. அண்ட் டி.யும் எம்.சி.ஐ.யும் மறுத்தன. பிலிப்பைன்ஸ் நிறுவனங்கள் அவர்களுடைய நேரடி இணைப்புகளை அடைத்தன. மார்ச் மாதம் அமெரிக்கத் தொடர்பு ஆணையம் இறங்கி வந்து, அந்தப் பிலிப்பைன்ஸ் நிறுவனங்களுக்குப் பணம் கொடுப்பதை நிறுத்துங்கள் என்று தன் நாட்டு நிறுவனங்களுக்கு உத்தரவிட்டது. இரண்டு பக்கமும் சென்ட் கணக்கில் சண்டை போட, நடுவில் மாட்டிக்கொண்டது வீட்டுக்குப் போன் செய்ய நினைத்தவர்கள்.

வெளிநாடுகளில் விற்ற காலிங் கார்டுகளிலும் இதே நோய் இருந்தது. 2008இல் அமெரிக்கக் கூட்டாட்சி வர்த்தக ஆணையம் சில ப்ரீபெய்ட் காலிங் கார்டு நிறுவனங்கள் மீது வழக்குப் போட்டது. விளம்பரத்தில் சொன்ன நிமிடங்கள் கிடைப்பதில்லை, மறைமுகக் கட்டணங்கள் மிச்சத்தைத் தின்றுவிடுகின்றன என்பது குற்றச்சாட்டு. அந்தக் கார்டுகளை வாங்கியவர்களில் பெரும்பாலோர் பிழைப்புக்காக வந்த குடியேறிகள்.

செனட் தலைவரின் காசும் காணாமல் போனது

ஏழைகளின் காசு காணாமல் போனால் அது புகார். பெரிய மனிதரின் காசு காணாமல் போனால் அது பிரச்சினை! 2009இல் பிலிப்பைன்ஸ் செனட் சபையின் அப்போதைய தலைவர் ஹுவான் போன்சே என்ரிலே, தன் செல்போன் லோடும் மாயமாவதாகச் சபையில் பேசினார். நாடெங்கும் ‘மறையும் லோடு’ பற்றிய பேச்சாகவே இருந்தது. செனட் விசாரணை நடத்தியது.

2009 ஜூலையில் என்.டி.சி. புதிய சுற்றறிக்கை ஒன்றை வெளியிட்டது. லோடின் குறைந்தபட்ச ஆயுள் இனி இப்படி:

10 பெசோ வரை – 3 நாள்
10க்கு மேல் 50 வரை – 15 நாள்
50க்கு மேல் 100 வரை – 30 நாள்
100க்கு மேல் 150 வரை – 45 நாள்
150க்கு மேல் 250 வரை – 60 நாள்
250க்கு மேல் 300 வரை – 75 நாள்
300க்கு மேல் – 120 நாள்

2000இல் 2 ஆண்டு கேட்ட அதே ஆணையம், ஒன்பது ஆண்டு கழித்து 3 நாளில் வந்து நின்றது.

இந்த அட்டவணையைக் கொஞ்சம் வகுத்துப் பார்த்தால் ஒரு விஷயம் வெளியே வரும். 10ஐ 3 நாளால் வகுத்தால் நாளைக்கு 3.33 பெசோ. 50ஐ 15ஆல் வகுத்தாலும் 3.33. 100ஐ 30ஆல் வகுத்தாலும், 150ஐ 45ஆல் வகுத்தாலும் அதே 3.33! 250க்கும் 300க்கும் மட்டும் 4 பெசோவை ஒட்டி வருகிறது. அப்படியானால் இது பணத்தின் ஆயுள் கணக்கே இல்லை. வாடகைக் கணக்கு! நாளொன்றுக்கு மூன்றேகால் பெசோவுக்கு மேல் செலவு செய்யாவிட்டால் மிச்சம் உன்னுடையது அல்ல என்று சொல்லாமல் சொல்லும் கணக்கு. முன்பணம் என்று சொல்லி வாங்கியது வாடகையாக மாறியிருந்தது. ஆனால் ‘வாடகை’ என்ற சொல் எந்த விளம்பரத்திலும் இல்லை.

வேறு நாடுகள் செய்தது

வேறு வழியே இல்லையா என்றால், இருந்தது. இத்தாலியிலும் ப்ரீபெய்ட் செல்போன்தான் அதிகம். அங்கே ரீசார்ஜ் செய்யும்போதெல்லாம் ஒரு தனிக் கட்டணம் பிடித்தார்கள். ஒரு மாணவர் தொடங்கிய இணைய மனுவில் லட்சக்கணக்கானோர் கையெழுத்திட்டார்கள். 2007 ஜனவரியில் அமைச்சர் பியர்லூயிஜி பெர்சானி கொண்டுவந்த அவசரச் சட்டம், அந்தக் கட்டணத்தை ஒழித்ததோடு, வாங்கிய பேச்சுத் தொகைக்குக் காலாவதி வைப்பதையும் தடை செய்தது. இத்தாலியில் ப்ரீபெய்ட் தொழில் அழிந்துவிடவில்லை.

இந்தியாவில் 2012இல் டிராய் விதிகள் வவுச்சர்களை மூன்றாகப் பிரித்தன. அதில் டாப்-அப் வவுச்சரில் வரும் பேச்சுத் தொகைக்குக் காலாவதி கூடாது என்றது விதி. ஆனால் 2018 கடைசியில், இணைப்பு உயிரோடு இருக்க 28 நாளைக்கு ஒரு முறை குறைந்தபட்ச ரீசார்ஜ் என்ற வழக்கம் வந்தது. பணத்துக்குக் காலாவதி இல்லை, இணைப்புக்கு உண்டு! வாசலை அடைத்தால் ஜன்னல் வழியாக வந்தது.

ஓராண்டு ஆயுள்

பிலிப்பைன்ஸில் 2016இல் தகவல், தொடர்புத் தொழில்நுட்பத்துக்கென்று தனித் துறை உருவானது. 2017 டிசம்பரில் அந்தத் துறையும், வர்த்தக, தொழில் துறையும், என்.டி.சி.யும் சேர்ந்து ஒரு கூட்டுச் சுற்றறிக்கை வெளியிட்டன. தொகை எவ்வளவாக இருந்தாலும் லோடு ஓராண்டு செல்லும் என்றது அது. 10 பெசோவுக்கும் ஓராண்டு, 300 பெசோவுக்கும் ஓராண்டு. 2018இல் அது நடைமுறைக்கு வந்தது.

2000ஆம் ஆண்டில் நிறுவனங்கள் சொன்ன வாதம் நினைவிருக்கிறதா? இது வர்த்தகத் துறையின் வேலை என்றார்கள். இந்த முறை அந்தத் துறையே கையெழுத்துப் போட்டுவிட்டது. அந்தப் பழைய சுற்றறிக்கையின் இன்னொரு விதியான வாங்குபவர் பதிவும் 2022 அக்டோபரில் சிம் பதிவுச் சட்டமாக வந்து சேர்ந்தது. அன்று ‘நியாயமற்றது’ என்று எதிர்க்கப்பட்டவற்றில் சில, இருபத்திரண்டு ஆண்டுகளில் ஏதோ ஒரு வடிவில் விதியாகிவிட்டன.

வெற்றிதானா? பாதி வெற்றி. ஏனென்றால் ஓராண்டு ஆயுள் லோடுக்கு மட்டும்தான். அந்த லோடைக் கொடுத்து ஒரு நாள் பேக், மூன்று நாள் பேக், வாரப் பேக் என்று வாங்கியதும் பணம் பேக்காக மாறிவிடும். பேக்கின் ஆயுள் தீர்ந்தால் மிச்சமும் தீர்ந்தது. 2018 வருவதற்குள் பெரும்பாலானோர் லோடை லோடாகவே வைத்துப் பேசுவதை விட்டுவிட்டு, இணையப் பேக் போட்டு மெசஞ்சரிலும் வைபரிலும் வெளிநாட்டில் இருப்பவர்களின் முகம் பார்த்துப் பேசத் தொடங்கியிருந்தார்கள். காலாவதி ஒழியவில்லை; லோடிலிருந்து இறங்கிப் பேக்கில் ஏறிக்கொண்டது.

இருந்தாலும் அந்த ஓராண்டு சாதாரணமல்ல. 10 பெசோ மிச்சம் வைத்திருக்கும் ஒரு தாய், இன்னொரு பத்தை அடுத்த வாரம் சேர்க்கலாம்; மூன்றாவது பத்தை அதற்கடுத்த வாரம் சேர்க்கலாம். முதல் பத்து அவளுக்காகக் காத்திருக்கும். சேர்த்து வைக்கும் உரிமை என்பது பணக்காரர்களுக்குச் சின்ன விஷயம். சிறுகச் சேர்ப்பவர்களுக்கு அதுதான் எல்லாம். ஏழையின் காசுக்கும் பணக்காரரின் காசுக்கும் ஒரே ஆயுள் என்று எழுதுவதற்கு ஒரு நாட்டுக்குப் பதினேழு ஆண்டுகள் ஆயின!